பழைய மோட்டார்ஹோம் எஞ்சினில் எரிபொருள் தடைபட்டால்: இடத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பழைய மோட்டார்ஹோமை, அதாவது வீட்டு வசதிகளோடு கூடிய பெரிய வண்டியை, வாங்கிய புதிதில் பலரையும் வாட்டும் தொல்லை ஒன்று உண்டு. சமதளத்தில் சீராக ஓடும் வண்டி, மேடு வந்ததும் திணறுகிறது. அல்லது அரை மணி நேரம் ஓடிவிட்டு நடுச்சாலையில் நின்றுபோகிறது. சற்று ஆறவிட்டால் மறுபடி கிளம்புகிறது. கேட்டவர்கள் எல்லோரும் சொல்லும் தீர்ப்பு, "பம்ப் போய்விட்டது, மாற்றிவிடு" என்பதுதான். பம்ப்பை மாற்றியும் சரியாகவில்லை என்றால் அடுத்து கார்புரேட்டர் (பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் பாகம்), அதற்கடுத்து டேங்க் என்று செலவு நீண்டுகொண்டே போகும். நான் வற்புறுத்துவது ஒன்றைத்தான்: எரிபொருள் எந்த இடம் வரை ஒழுங்காக வருகிறது, எங்கே தடைபடுகிறது என்று அளந்து பார்க்கும் வரை ஒரு பாகத்தையும் வாங்காதீர்கள்.

மோட்டார்ஹோமில் இந்தக் கோளாறு அடிக்கடி வருவதற்குக் காரணங்கள் இருக்கின்றன. கார் அன்றாடம் ஓடும். மோட்டார்ஹோம் மாதக்கணக்கில் நிற்கும். டேங்க் பெரியது, 150 லிட்டர், 250 லிட்டர் என்று கொள்ளும். அதில் பாதி போன பருவத்தில் நிரப்பிய பழைய பெட்ரோலாக இருக்கும். டேங்க்குக்கும் எஞ்சினுக்கும் இடையே பல மீட்டர் நீளத்துக்கு இரும்புக் குழாய் ஓடுகிறது. அதன் இரு முனைகளிலும் ரப்பர் ஹோஸ் துண்டுகள். எஞ்சினோ ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் ஒரு மூடிக்குள், காற்றோட்டம் குறைவான இடத்தில் இருந்து வேகிறது.

முதலில் உங்கள் எஞ்சின் எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். 1970களிலும் 1980களின் முற்பகுதியிலும் வந்த பெட்ரோல் மோட்டார்ஹோம்களில் கார்புரேட்டரும், எஞ்சினோடு பொருத்திய இயந்திர பம்ப்பும் இருக்கும். டாட்ஜ் 440, செவ்ரலே 454, ஃபோர்டு 460 போன்ற பெரிய வி8 எஞ்சின்கள் பலவும் இப்படி வந்தவையே. 1980களின் பிற்பகுதியிலிருந்து பெட்ரோலை அழுத்தத்தோடு பீய்ச்சும் இன்ஜெக்‌ஷன் முறையும், டேங்க்குக்கு உள்ளேயோ வண்டியின் அடிச்சட்டமான சேசிஸின் ஓரத்திலோ பொருத்திய மின்சார பம்ப்பும் பரவின. இடைப்பட்ட ஆண்டுகளில் யாராவது மாற்றியமைத்திருக்கவும் கூடும். ஆகவே ஆண்டை மட்டும் நம்பாமல், குனிந்து பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

கைவைக்கும் முன் செய்ய வேண்டியவை

பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. தரையோடு படர்ந்து, பள்ளத்தில் தங்கும். மோட்டார்ஹோமில் தீப்பொறிக்கு வழிகள் ஏராளம். கேஸ் குளிர்சாதனப் பெட்டியின் பைலட் சுடர், வெந்நீர் ஹீட்டர், அறை ஹீட்டர், ஜெனரேட்டர் என எல்லாமே ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன. எனவே கேஸ் சிலிண்டரை அதன் வால்விலேயே மூடுங்கள், சுடர்கள் அணைந்தனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள், ஜெனரேட்டரை நிறுத்துங்கள். எஞ்சின் மூடியைத் திறந்து வைத்தால் ஆவி நேராக வசிக்கும் அறைக்குள் வரும் என்பதால் கதவு, ஜன்னல்களைத் திறந்து வையுங்கள். பெட்ரோல் தீயை அணைக்கத்தக்க உலர்பொடி அல்லது நுரைத் தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். தண்ணீர் உதவாது.

வண்டியைச் சமப்படுத்த உதவும் லெவலிங் ஜாக்குகளை நம்பி அடியில் நுழையாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் உள்ள வண்டி, காற்று இறங்கினால் முன்னறிவிப்பில்லாமல் தாழ்ந்துவிடும். எடையைத் தாங்கும் ஸ்டாண்டுகளைச் சேசிஸின் அடியில் வைத்து, சக்கரங்களுக்கு அடை கொடுத்த பிறகே படுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டி என்றால் எஞ்சின் நின்ற பிறகும் குழாயில் அழுத்தம் தங்கியிருக்கும். பம்ப்பின் ஃப்யூஸைக் கழற்றிவிட்டு, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டு, அதன் பிறகு இணைப்பைத் துணி சுற்றித் தளர்த்துங்கள்.

அறிகுறி சொல்லும் செய்தி

கோளாறு எப்போது வருகிறது என்பதை ஒரு தாளில் எழுதுங்கள். டேங்க்கில் எவ்வளவு இருந்தது, எஞ்சின் எவ்வளவு நேரம் ஓடியிருந்தது, வெயிலா, மேடா, எத்தனை நிமிடம் ஆறிய பிறகு கிளம்பியது என எல்லாமே பயன்படும். பாதி விசாரணை இந்தத் தாளிலேயே முடிந்துவிடும்.

ஐடிலிங்கில் அமைதியாக ஓடி, ஆக்சிலரேட்டரை அழுத்தி மேடேறும்போது மட்டும் திணறினால், எரிபொருள் வருகிறது, போதுமான அளவு வரவில்லை என்று பொருள். அடைபட்ட ஃபில்டர், உள்ளே உரிந்த ஹோஸ், தேய்ந்த பம்ப் ஆகிய மூன்றும் இந்த அறிகுறியைத் தரும். டேங்க் நிறைந்திருக்கும்போது நன்றாக ஓடி, பாதிக்குக் கீழே போனதும் கோளாறு வந்தால், டேங்க்குக்குள் தொங்கும் உறிஞ்சுகுழாயில் துருவோ ஓட்டையோ விழுந்திருக்கலாம். மட்டம் ஓட்டைக்குக் கீழே இறங்கியதும் குழாய் காற்றை இழுக்கத் தொடங்கும். பல நாள் நின்ற வண்டி நெடுநேரம் செல்ஃப் அடித்த பிறகே கிளம்பினால், எரிபொருள் குழாயிலிருந்து டேங்க்குக்கே வடிந்துவிட்டது, அல்லது கார்புரேட்டர் கிண்ணத்தில் இருந்தது ஆவியாகிவிட்டது. கறுப்புப் புகையும் பெட்ரோல் நாற்றமும் வந்தால் பிரச்சினை நேர்மாறானது: எரிபொருள் அளவுக்கு மீறிப் போகிறது. அப்போது கார்புரேட்டர் கிண்ணத்தின் மட்டத்தைக் கட்டுப்படுத்தும் மிதவையையும் ஊசி வால்வையும் பாருங்கள்.

எரிபொருள் கோளாறு போலவே நடிக்கும் வேறொன்றும் உண்டு. எஞ்சினுக்குத் தீப்பொறி தரும் இக்னிஷன் மாட்யூலோ காயிலோ சூடேறினால் செயலிழந்து, ஆறியதும் மீண்டும் வேலை செய்யும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே இதைப் பிரித்தறிய வேண்டும். ஆறிய பிறகு பார்த்துப் பயனில்லை. கார்புரேட்டர் வண்டியில் எஞ்சினை அணைத்து, ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் தொண்டைக்குள் டார்ச் அடித்துக்கொண்டே த்ராட்டிலை (ஆக்சிலரேட்டர் இயக்கும் தகட்டை) கையால் ஒருமுறை வேகமாகத் திறங்கள். இரண்டு மெல்லிய பெட்ரோல் தாரைகள் பளிச்சென்று பீய்ச்ச வேண்டும். பீய்ச்சினால் கிண்ணத்தில் பெட்ரோல் இருக்கிறது. சந்தேகம் இக்னிஷன் பக்கம் திரும்பட்டும். ஈரமே இல்லை என்றால் பெரும்பாலும் எரிபொருள் வந்து சேரவில்லை. ஸ்பார்க் டெஸ்டரை ஒரு பிளக் வயரில் மாட்டிப் பார்த்தால் இன்னும் உறுதியாகும். ஆனால் திறந்த கார்புரேட்டருக்குப் பக்கத்தில் பொறியை வரவழைக்காதீர்கள். ஏர் கிளீனரைத் திரும்ப மாட்டிய பிறகே அதைச் செய்யுங்கள்.

காசில்லாத சோதனைகள் முதலில்

அடுத்த முறை வண்டி திணறும்போது ஓரங்கட்டி, டேங்க் மூடியைத் திறங்கள். உஸ்ஸென்று காற்று உள்ளே இழுக்கப்படும் சத்தம் கேட்டு, அதன்பின் வண்டி உடனே சரியாக ஓடினால் குற்றவாளி மூடியின் காற்றுத் துளையோ டேங்க்கின் ஆவிக் குழாயோதான். பெட்ரோல் குறையக் குறைய அந்த இடத்தை நிரப்பக் காற்று வர வேண்டும். வராவிட்டால் டேங்க்குக்குள் வெற்றிடம் உண்டாகி, பம்ப் எவ்வளவு இழுத்தாலும் பெட்ரோல் நகராது. மூடியை மாற்றும்போது உங்கள் வண்டிக்கான வகையையே வாங்குங்கள். சிலவற்றுக்குத் துளையுள்ள மூடி, சிலவற்றுக்குத் துளையில்லாத மூடி.

ஜெனரேட்டரும் இங்கே துணைக்கு வரும். பெட்ரோல் மோட்டார்ஹோம்கள் பலவற்றில் அது அதே டேங்க்கிலிருந்து தனிக் குழாய் வழியாகக் குடிக்கிறது. முகாமிட்ட இடத்தில் ஜெனரேட்டர் டேங்க்கையே காலி செய்துவிடக் கூடாது என்பதற்காக அதன் உறிஞ்சுகுழாயைக் குட்டையாக, ஏறத்தாழ கால் டேங்க் மட்டத்தில் நிறுத்தியிருப்பார்கள். ஜெனரேட்டர் சுமையோடு நன்றாக ஓடி, எஞ்சின் மட்டும் திணறினால், டேங்க்கில் உள்ள பெட்ரோலை உடனே குறை சொல்ல வேண்டாம். எஞ்சினுக்குப் போகும் பாதையைப் பாருங்கள். கால் டேங்க்குக்குக் கீழே ஜெனரேட்டர் நின்றுபோவது கோளாறே அல்ல. இரண்டு டேங்க் உள்ள வண்டியில் மாற்றும் வால்வைத் திருப்பி மற்ற டேங்க்கில் ஓட்டிப் பாருங்கள். ஒன்றில் மட்டும் கோளாறு என்றால் தேடும் பரப்பு பாதியாகக் குறைந்துவிட்டது.

பழைய ஃபில்டரைத் தூக்கி எறியாதீர்கள்

ஃபில்டரை மாற்றுவது எல்லோரும் செய்வதுதான். கழற்றியதைப் படிப்பவர்கள் குறைவு. அதில் உள்ள பெட்ரோலை, வந்த வழியாகவே, அதாவது நுழைவாய்ப் பக்கமாக, ஒரு வெள்ளைத் தட்டில் கவிழ்த்து ஊற்றுங்கள். செம்பழுப்புத் தூள் விழுந்தால் ஒரு காந்தத்தைத் தட்டின் அடியில் நகர்த்துங்கள். தூளும் சேர்ந்து நகர்ந்தால் டேங்க்கோ இரும்புக் குழாயோ துருப்பிடிக்கிறது. கறுப்புத் துணுக்குகள் விரலில் மையாக அப்பினால் ரப்பர் ஹோஸ் உள்ளுக்குள் கரைகிறது. வெளிறிய பசை போன்ற படிவு இருந்தால் தண்ணீர் புகுந்து உலோகத்தை அரித்திருக்கலாம். இவற்றைப் பார்க்காமல் புது ஃபில்டரை மாட்டினால் சில நூறு கிலோமீட்டரில் அதுவும் அடைத்துக்கொள்ளும்.

டேங்க்கிலிருந்து எடுத்த பெட்ரோலையும் ஒரு கண்ணாடிப் பாட்டிலில் மூடி ஒரு மணி நேரம் அசையாமல் வையுங்கள். அடியில் கோடு பிரித்தாற்போல் தனி அடுக்கு தெரிந்தால் அது தண்ணீர். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் அளவு மீறினால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து கீழே இறங்கிவிடும். உறிஞ்சுகுழாய் முதலில் குடிப்பது அதைத்தான். வார்னிஷ் போன்ற புளித்த வாடை வந்தால் பெட்ரோல் கெட்டுவிட்டது. மருந்து ஊற்றி அதைச் சரிசெய்ய முயல்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. வடித்து, முறைப்படி அப்புறப்படுத்திவிடுங்கள்.

ஃபில்டர் ஒன்றுதான் இருக்கும் என்றும் நினைக்காதீர்கள். டேங்க்குக்குள் உறிஞ்சுகுழாயின் நுனியில் ஒரு வலை, வழியில் ஒன்று, கார்புரேட்டரின் நுழைவாயில் இன்னொன்று இருக்கலாம். செவ்ரலேயில் வரும் ரோச்செஸ்டர் குவாட்ராஜெட் கார்புரேட்டரில், குழாய் வந்து சேரும் பெரிய நட்டுக்குப் பின்னால் ஒரு குட்டி ஃபில்டர் ஸ்பிரிங்கோடு ஒளிந்திருக்கிறது. பல ஆண்டுகள் யாரும் தொடாமல் விடுவது அதைத்தான். நட்டைத் திறக்கும்போது இரண்டு ஸ்பேனர்களைப் பிடியுங்கள். இல்லாவிட்டால் இரும்புக் குழாய் முறுக்கிக்கொள்ளும், கார்புரேட்டரின் மரையும் போய்விடும்.

கசியாத ஓட்டை

புதியவர்கள் ஏமாறும் இடம் இது. சற்று நிதானமாகப் படியுங்கள். எஞ்சினோடு பொருத்திய இயந்திர பம்ப், டேங்க்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சி எடுக்கிறது. பம்ப்புக்குப் பிந்தைய குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே சொட்டும். கண்ணுக்கும் மூக்குக்கும் தெரிந்துவிடும். பம்ப்புக்கு முந்தைய குழாயில் வெடிப்பு இருந்தால் பெட்ரோல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும். தரை காய்ந்தே இருக்கும், நாற்றமும் இருக்காது, வண்டி மட்டும் திணறும்.

ஆகவே டேங்க்கின் மேலிருந்து சேசிஸ் குழாய்க்குப் போகும் ஹோஸையும், சேசிஸ் குழாயிலிருந்து பம்ப்புக்கு வரும் ஹோஸையும் விரலால் வளைத்துப் பாருங்கள். கிளாம்ப்புக்கு ஒட்டினாற்போல் உள்ள வளைவில்தான் வெடிப்புகள் முதலில் வரும். வெளித்தோற்றம் நன்றாக இருந்தும் உட்சுவர் உரிந்து நாக்குபோல் தொங்குவது உண்டு. பம்ப் வேகமாக இழுக்கும்போது அந்த நாக்கு வழியை மூடிக்கொள்ளும், எஞ்சினை அணைத்ததும் விலகிவிடும். வயது தெரியாத ஹோஸ் என்றால் நான் ஆராய்ந்துகொண்டிருக்க மாட்டேன். எல்லாவற்றையும் மாற்றிவிடச் சொல்வேன். பாகங்களை அளக்காமல் மாற்றாதீர்கள் என்ற விதிக்கு நான் தரும் ஒரே விலக்கு இதுதான், ஏனென்றால் இது தீ விபத்தையும் தடுக்கிறது. எத்தனால் தாங்கும் ஹோஸாக வாங்குங்கள். கார்புரேட்டர் வண்டிக்கு எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) வகுத்த 30ஆர்7 தரம். இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு 30ஆர்9 தரம். டேங்க்குக்குள் மூழ்கிக் கிடக்கும் துண்டுக்கு 30ஆர்10 வேண்டும். மற்றவை உள்ளும் புறமும் பெட்ரோலில் ஊறினால் தாங்காது.

இரும்புக் குழாயைச் சேசிஸோடு பிடித்திருக்கும் கிளிப்புகளின் அடியில் ஈரமும் மண்ணும் தங்கித் துரு அரிக்கும். கிளிப்பைக் கழற்றாமல் அது தெரியாது.

பாதையை இரண்டாகப் பிரிக்கும் சோதனை

வண்டியை நிறுத்தி வைத்து, பம்ப்பின் நுழைவாயில் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு, அங்கே புதிய ஹோஸ் ஒன்றை மாட்டி, சுத்தமான பெட்ரோல் உள்ள கேனில் மறுமுனையை விடுங்கள். கேன் எஞ்சினின் சூட்டிலிருந்து விலகி, வண்டிக்கு வெளியே, கவிழாத இடத்தில் இருக்க வேண்டும். எஞ்சினைச் சற்று வேகமாக்கி ஓடவிடுங்கள். முன்பு திணறிய வண்டி இப்போது நன்றாக ஓடினால் பம்ப்பும் கார்புரேட்டரும் பெரும்பாலும் நல்லவை. கோளாறு பின்னால், ஹோஸிலோ குழாயிலோ டேங்க்கிலோ இருக்கிறது. அப்போதும் திணறினால் முன்பக்கம் பாருங்கள். கேனோடு வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டாம்.

அடுத்தது அளவு. கார்புரேட்டருக்குள் போகும் குழாயைக் கழற்றி, ஹோஸ் மாட்டி, அளவுக்கோடு உள்ள உலோகக் கேனில் விடுங்கள். காயிலின் மின் இணைப்பை எடுத்துவிட்டு, 15 விநாடி செல்ஃப் அடித்து, சற்று ஆறவிட்டு, மறுபடி 15 விநாடி அடியுங்கள். பெரிய வி8 எஞ்சின்களின் இயந்திர பம்ப், 30 விநாடியில் ஏறத்தாழ அரை லிட்டர் தர வேண்டும். தாரை விட்டுவிட்டு, நுரைத்து வந்தால் காற்று கலக்கிறது.

அழுத்தத்தையும் கேஜ் வைத்துப் பாருங்கள். கார்புரேட்டர் வண்டியில் 4 முதல் 7 பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அலகு) வழக்கம். த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷன் உள்ள செவ்ரலே எஞ்சின்களில் 9 முதல் 13. ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ளவற்றில் 35, 40 என்று போகும். உங்கள் எஞ்சினின் கையேட்டில் உள்ள எண்ணே இறுதியானது. அழுத்தம் சரியாக இருப்பதால் அளவும் சரியாக இருக்கும் என்று எண்ணிவிடாதீர்கள். பாதி அடைத்த குழாயிலும் ஐடிலிங்கில் கேஜ் நல்ல எண்ணையே காட்டும்.

பம்ப்பின் முறை

கேன் வைத்துப் பார்த்தும் அளவு குறைந்தால் அப்போது பம்ப்பைக் குற்றம் சாட்டலாம். இயந்திர பம்ப்பின் அடியில் சிறிய துளை ஒன்று இருக்கும். அங்கே பெட்ரோல் சொட்டினால் டயாஃப்ரம் (பம்ப்புக்குள் இருக்கும் சவ்வு) கிழிந்துவிட்டது, ஆயில் சொட்டினால் உள்ளே இருக்கும் சீல் போயிருக்கலாம். எஞ்சின் ஆயிலின் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். ஆயில் மட்டம் ஏறி, பெட்ரோல் வாடை வந்தால் எஞ்சினை மேற்கொண்டு ஓட்டக் கூடாது. பம்ப்போடு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிய பிறகே ஓட்ட வேண்டும்.

மின்சார பம்ப் என்றால் சாவியைத் திருப்பியதும் ஓரிரு விநாடி ரீங்காரம் கேட்கும். கேட்கவில்லை என்றால் ஃப்யூஸ், ரிலே, பிறகு ஃபோர்டு வண்டிகளில் மோதலின்போது பம்ப்பை நிறுத்தும் இனெர்ஷியா ஸ்விட்ச். பெரிய பள்ளத்தில் இறங்கினாலே அது மின்சாரத்தைத் துண்டித்துவிடக்கூடும், பொத்தானை அழுத்தினால் போதும். ரீங்காரம் இருந்தும் அழுத்தம் இல்லை என்றால், பம்ப் ஓடும்போதே அதன் முனைகளில் வோல்ட்மீட்டர் வையுங்கள். பேட்டரியில் உள்ளதைவிட அரை வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் வயரோ எர்த்தோ அரித்திருக்கிறது. டேங்க்கை இறக்கும் முன் இதைப் பார்த்தே ஆக வேண்டும். 200 லிட்டர் பெட்ரோலின் எடை சுமார் 150 கிலோ. இறக்குவதானால் முழுவதும் வடித்த பிறகே.

வெயிலில் மட்டும் வரும் கோளாறு

பெட்ரோல் குழாய் சைலன்சர் குழாய்க்குப் பக்கத்தில் ஓடினால், சூட்டில் பெட்ரோல் ஆவியாகிப் பம்ப்பால் இழுக்க முடியாமல் போகும். இதுதான் வேப்பர் லாக். உறிஞ்சும் பக்கத்தில் அழுத்தம் குறைவு என்பதால் அங்கே இன்னும் எளிதாகக் கொதிக்கும். அடைத்த ஃபில்டர் அதை மோசமாக்கும். ஆகவே மேற்சொன்ன எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே இதற்கு வாருங்கள். குழாயைச் சூட்டிலிருந்து விலக்குங்கள், இடையில் வெப்பத் தடுப்புத் தகடு வையுங்கள். டேங்க்குக்கு அருகில் குறைந்த அழுத்த மின்சார பம்ப் வைத்து, பெட்ரோலைத் தள்ளிவிடுவது நிலையான தீர்வு. ஆனால் எஞ்சின் நின்றால் பம்ப்பும் நின்றுவிடும்படி ஆயில் பிரஷர் ஸ்விட்ச் வழியாக மின்சாரம் கொடுங்கள். விபத்தில் உடைந்த குழாய் வழியாகப் பம்ப் பெட்ரோலைக் கொட்டிக்கொண்டே இருக்கக் கூடாது. பழைய இயந்திர பம்ப்பைப் பாதையிலிருந்து நீக்கிவிடுவதும் நல்லது. அதன் டயாஃப்ரம் கிழிந்தால் பெட்ரோல் முழுவதும் ஆயிலுக்குள் போகும்.

டீசல் வண்டிக்காரர்களுக்கு

அளக்கும் முறை இதேதான். எதிரி பெரும்பாலும் காற்று. இன்ஜெக்‌ஷன் பம்ப்புக்கு முன்னால் சிறு துண்டு ஒளி ஊடுருவும் ஹோஸை மாட்டி, குமிழ்கள் வருகின்றனவா என்று பாருங்கள். வந்தால் ஃபில்டரின் வாஷரிலிருந்து தொடங்கிப் பின்னோக்கித் தேடுங்கள். நீர்ப்பிரிப்பானை வடித்தால் கறுப்புச் சளி வருகிறதா? தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர்கள் அவை. டேங்க்கையே சுத்தம் செய்ய வேண்டும். எஞ்சின் ஓடும்போது இன்ஜெக்டர் குழாய்க் கசிவைக் கையால் தடவாதீர்கள். அந்த அழுத்தத்தில் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

வேலை முடிந்ததும் எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பையும் டார்ச்சோடு பாருங்கள். பிறகு ஆளில்லாத நீண்ட மேட்டில் சுமையோடு ஓட்டி, கோளாறு வந்த அதே நிலைமையில் சோதியுங்கள். திரும்பி வந்து எஞ்சின் ஆறிய பிறகு கிளாம்ப்புகளை மறுபடி ஒருமுறை இறுக்கிப் பாருங்கள். புது ஹோஸ் முதல் சூட்டில் சற்றுத் தளர்ந்துகொடுக்கும். கேஸ் சிலிண்டரைத் திறப்பது இவை எல்லாவற்றுக்கும் பிறகு, வண்டிக்குள் பெட்ரோல் வாடை துளியும் இல்லை என்று உறுதியான பின்னரே.